நாட்டின் பெயரால் ஆடவைத்தவர்: சார்லஸ் ஆல்காக்

நாடு நாடாகப் பிரிந்து பந்தாடுவது இன்று நமக்கு மிக இயல்பாகத் தோன்றுகிறது. மழை பெய்வதுபோல, மாமரம் காய்ப்பதுபோல, அதுவும் உலகத்தில் என்றும் இருந்து வந்த ஒரு வழக்கம் என்றே எண்ணிவிடுகிறோம். ஆனால் கால்பந்தில் அந்த வழக்கத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துத் தொடங்கினார். அவர் பேர்பெற்ற தளபதியுமல்லர், அரசியல்வாதியுமல்லர். ஒரு விளையாட்டுச் சங்கத்தின் காரியதரிசி. கடிதம் எழுதுவதும், மைதானம் பிடிப்பதும், வராத ஆட்டக்காரனுக்குப் பதில் ஆள் தேடுவதும் அவருடைய அன்றாட வேலை. அவர் பெயர் சார்லஸ் வில்லியம் ஆல்காக்.

பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரண்டு தீவுகளில் வாழும் நாலு நாட்டினர் 1884 முதல் 1984 வரை, உலகப் போர்க் காலங்கள் நீங்கலாக, ஆண்டுதோறும் தங்களுக்குள் பந்தாடி வந்தார்கள். நாட்டு அணிகளுக்கென்று உலகில் ஏற்பட்ட கால்பந்துப் போட்டிகளில் அதுவே மூத்தது. அந்தப் போட்டிக்கு வழிவகுத்தவர் ஆல்காக். ஆனால் அவர் கதையில் என்னைக் கவர்ந்தது போட்டியின் வயதன்று. ஒருவன் எந்த நாட்டுக்காரன் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி, அவர் நடத்திய முதல் ஆட்டத்திலேயே எழுந்துவிட்டது. சொந்த ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்கு அந்தக் கேள்வி புதிதன்று.

ஆல்காக் 1842-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் சந்தர்லாந்தில் பிறந்தார். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் அக்காலத்தில் கப்பல் கட்டுவதற்குப் பெயர்போன ஊர் அது. குடும்பத்துக்கும் கப்பல் தொழில்தான். வசதி பெருகியதும் அவர்கள் லண்டன் பக்கம் குடிபெயர்ந்தார்கள். பையனை ஹாரோ பள்ளிக்கு அனுப்பினார்கள். ஹாரோவில் மாணவர் இல்லங்கள் ஒன்றோடொன்று மோதி, தோற்றது விலக, வென்றது மேலேறி, கடைசியில் ஒன்றே மிஞ்சும் ஒரு பந்தாட்டப் போட்டி உண்டு. மற்ற பிள்ளைகள் ஆடிவிட்டு மறந்துபோன அந்தப் போட்டியை ஆல்காக் மறக்கவில்லை.

பள்ளியை விட்டு வந்த 1859-இல் தமையன் ஜானும் அவரும் நண்பர்களோடு எப்பிங் காட்டின் ஓரத்தில் 'பாரஸ்ட்' என்ற பெயரில் ஒரு பந்தாட்டக் குழு அமைத்தார்கள். 1863 அக்டோபரில் லண்டன் விடுதியொன்றில் சில குழுக்கள் கூடிக் கால்பந்துச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது அங்கே போய் உட்கார்ந்தவர் தமையன் ஜான். சார்லஸ் 1866-இல்தான் அதன் குழுவில் சேர்ந்தார். இதற்கிடையே பாரஸ்ட் குழுவிலிருந்து 'வாண்டரர்ஸ்' என்ற அணி பிறந்திருந்தது. சொந்த மைதானம் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றி ஆடியதால் அந்தப் பெயர்.

அன்றைய கால்பந்துச் சங்கத்தை இன்றைய பெருமையோடு நினைக்கக்கூடாது. பள்ளிக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதி என்று ஆட்டம் சிதறிக்கிடந்தது. சங்கத்தின் விதிப்படி ஆடியவர்கள் சில குழுக்களே. 1867-இல் சங்கத்தைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சுக்கூட வந்தது. அப்படித் தள்ளாடிக்கொண்டிருந்த சங்கத்துக்கு 1870-இல் ஆல்காக் காரியதரிசியானார். வயது 27. சம்பளம் கிடையாது; பிழைப்புக்குப் பத்திரிகைகளில் விளையாட்டுச் செய்தி எழுதினார்.

ஆல்காக் கண்ட வழி எளியது. குழுவும் குழுவும் ஆடினால் நூறு பேர் பார்ப்பார்கள். இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் ஆடினால்? 1870 மார்ச்சு 5-இல் லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் அவர் அந்த ஆட்டத்தை நடத்திக் காட்டினார். ஆளுக்கொரு கோல் போட்டுச் சமமாக முடிந்தது.

ஆனால் அந்த ஸ்காத்லாந்து அணியில் இருந்தவர்கள் யார்? எல்லாரும் லண்டனில் கிடைத்தவர்கள்! அன்றைய பிரதமர் கிளாட்ஸ்டனின் மூத்த மகன் ஒருவர். ஸ்காத்லாந்துப் பிரபுக் குடும்பத்தின் வழிவந்து லண்டனிலேயே பிறந்து வளர்ந்த ஆர்தர் கின்னேர்டு இன்னொருவர். பாட்டனார் அந்த நாட்டில் பிறந்திருந்தால் போதும், தாய்வழியில் ஓர் ஊர் இருந்தால் போதும், வேட்டைக்குப் போய்வந்திருந்தால்கூடப் போதும் என்று கேலி கிளம்பியது. கேலி நியாயமானதே. ஆயினும் ஆல்காக் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அவர் கூப்பிடாமல் இல்லை. அதே ஆண்டு ஸ்காத்லாந்துப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் ஊரிலிருந்தே ஆட்களை அனுப்புங்கள் என்று வெளிப்படையாக அழைத்தார். வந்து ஆடியவர்களில் ஸ்காத்லாந்துக் குழு ஒன்றின் பெயரைச் சொல்லிக்கொள்ளக்கூடியவர், கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் குழுவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்மித். அவரும் அப்போது லண்டனில்தான் இருந்தார்.

நம் விடுதியில் மாநிலவாரியாக அணி பிரிக்கும்போது எழும் சச்சரவை எண்ணிப் பாருங்கள். மும்பையிலேயே பிறந்து, தமிழை வீட்டில் மட்டும் பேசி வளர்ந்தவன் எந்தப் பக்கம்? ஆள் குறைந்தால் நம் பக்கம். ஆள் நிறைந்தால் அவன் மும்பைக்காரன்! 1870-இல் ஓவல் மைதானத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. உலகத்தின் முதல் 'நாட்டுக் கால்பந்து அணி' என்று சொல்லத்தக்க ஒன்று, நாட்டைவிட்டு வந்தவர்களைக் கொண்டு வந்த ஊரில் சேர்க்கப்பட்ட அணி.

1870 நவம்பர் முதல் 1872 பிப்ரவரி வரை மேலும் நாலு ஆட்டங்கள் ஓவலில் இதே முறையில் நடந்தன. மூன்றில் இங்கிலாந்து வென்றது, ஒன்று சமம். வடக்கே ஸ்காத்லாந்தில் கோபம் வளர்ந்தது. நாங்கள் ஆடவேயில்லை, எங்கள் பெயரால் யாரோ தோற்கிறார்கள் என்பது அவர்கள் மனக்குறை. அங்கே பல குழுக்கள் கையாலும் பந்தைத் தூக்கி ஓடும் ரக்பி ஆட்டத்தையே ஆடின. அவற்றின் தலைவர்கள் சிலர், எங்கள் விதிப்படி இருபதின்மராக வந்து மோதுங்கள் என்று சவால் விட்டார்கள். ஆல்காக்கின் சங்கம் அதை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் ரக்பிக் குழுக்கள் ஏற்றன. 1871 மார்ச்சு 27-இல் எடின்பரோவில் நடந்த அந்த ஆட்டத்தில் ஸ்காத்லாந்து வென்றது. ரக்பியில் நாடுகள் மோதிய முதல் ஆட்டம் அதுவே. ஆல்காக் கால்பந்துக்காக மூட்டிய நெருப்பில் அடுத்த வீட்டுக்காரனும் அடுப்பு ஏற்றிக்கொண்டான்.

அதே 1871-இல் அவர் ஹாரோ நினைவை வெளியே எடுத்தார். சங்கத்தின் குழுக்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு கோப்பைக்காகத் தோற்றவர் விலகும் முறையில் மோதலாம் என்றார். அதுதான் இன்றுவரை நடந்துவரும் எஃப். ஏ. கோப்பை. முதலாண்டில் சேர்ந்தவை 15 குழுக்கள். கோப்பையின் விலை 20 பவுன். அந்த நிதிக்குத் தூரத்துக் கிளாஸ்கோவிலிருந்து குயின்ஸ் பார்க் ஒரு கினி அனுப்பியது. ஏழைக் குழு அது. ஆண்டு வருமானத்தில் அந்தக் கினி சிறு தொகையன்று.

தூரத்தை முன்னிட்டுக் குயின்ஸ் பார்க்கை நேரே அரையிறுதிக்கு விட்டார்கள். 1872 மார்ச்சில் சந்தா திரட்டி, ரெயிலேறி லண்டன் வந்து, ஆல்காக் தலைமை தாங்கிய வாண்டரர்ஸோடு மோதினார்கள். இருவருக்கும் கோல் இல்லை. மறுஆட்டத்துக்குத் தங்கப் பணமில்லை. தோற்காமலே ஊர் திரும்பினார்கள். வாண்டரர்ஸ் இறுதிக்குப் போய், மார்ச்சு 16-இல் ராணுவப் பொறியாளர் அணியை 1–0 என்று வென்றது. கோப்பையை யோசித்தவரே முதற்கோப்பையைக் கைப்பற்றிய தலைவரும் ஆனார். இறுதிக்கு வரும் வழியில் அவர் அணி வென்றது ஒரே ஓர் ஆட்டம் என்பதைப் புகழ்பாடுகிறவர்கள் சொல்வதில்லை.

தோற்றுத் திரும்பாத அந்தக் குயின்ஸ் பார்க் பிள்ளைகளை ஆல்காக் நேரில் மோதிப் பார்த்திருந்தார். ஸ்காத்லாந்தில் சங்க விதிப்படி ஆடத் தெரிந்தவர்கள் உண்டு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அக்டோபரில் சங்கம் ஒரு தீர்மானம் செய்தது: இம்முறை நாம் அங்கே போய் ஆடுவோம்.

1872 நவம்பர் 30. ஸ்காத்லாந்தின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் திருநாள். கிளாஸ்கோவுக்கு மேற்கே பார்ட்டிக் என்ற இடத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம். ஸ்காத்லாந்துக்கு அப்போது கால்பந்துச் சங்கமே இல்லை; ஆகையால் குயின்ஸ் பார்க்கே ஆட்டத்தை ஏற்று நடத்தியது. அணியின் பதினொருவரும் அந்தக் குழுவினரே. கருநீலச் சட்டை அவர்களுக்கு, வெள்ளை இங்கிலாந்துக்கு. ஒரு ஷில்லிங் கொடுத்து ஏறக்குறைய 4,000 பேர் வந்தார்கள். இரண்டாண்டாக இந்த நாளுக்கு உழைத்த ஆல்காக் காயம் காரணமாக ஆடமுடியவில்லை. பக்கத்தில் நின்று மத்தியஸ்தம் பார்த்தார்!

இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் எடையில் கூடியவர்கள். எட்டுப் பேரை முன்னணியில் நிறுத்தி, ஒருவன் பந்தைக் காலோடு ஒட்டி ஓட்ட, மற்றவர் பின்னாலேயே ஓடித் தாங்குவது அவர்கள் முறை. ஸ்காத்லாந்தார் எடையில் குறைந்தவர்கள், மோதினால் விழவேண்டியதுதான். எனவே அவர்கள் மோதவில்லை. பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து எதிரியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கால்பந்தின் பிற்கால வரலாறே இந்தத் தட்டிக்கொடுத்தலில்தான் இருக்கிறது. அன்று கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கட்டை கிடையாது. ஒரு நாடாதான் கட்டியிருந்தது. ஸ்காத்லாந்தார் அடித்த ஒரு பந்து அந்த நாடாவின்மேல் பட்டுப் போய்விட்டது. கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. புகைப்படக்காரர் ஒருவர் வந்திருந்தாராம்; படத்தை விலைகொடுத்து வாங்குவதாக ஆட்டக்காரர்கள் உறுதி சொல்லாததால் எடுக்காமலே போய்விட்டார். ஆகவே உலகின் முதல் முறையான நாட்டுக் கால்பந்தாட்டத்துக்குப் படமில்லை.

நாலு மாதத்தில், 1873 மார்ச்சில், ஸ்காத்லாந்துக் கால்பந்துச் சங்கம் தோன்றியது. வேல்ஸ் சங்கம் 1876-இலும் அயர்லாந்துச் சங்கம் 1880-இலும் தோன்றின. ஆல்காக்கும் ஒருமுறை இங்கிலாந்துக்காக ஆடினார். 1875 மார்ச்சு 6-இல் ஓவலில் ஸ்காத்லாந்துக்கு எதிராகத் தலைமை தாங்கி ஒரு கோலும் போட்டார். ஆட்டம் 2–2. அவருடைய முறையான நாட்டாட்டம் அது ஒன்றே.

அவர் தொடங்கிவைத்த போட்டியில் அவர் நாடு பட்ட அடிகள் கொஞ்சமல்ல. 1874 முதல் 1884 வரை பதினோர் ஆட்டங்களில் இங்கிலாந்து ஸ்காத்லாந்தை வென்றது ஒரே ஒருமுறை. 1878-இல் 7–2 என்று தோற்றது. 1881 மார்ச்சு 12-இல், ஆல்காக்கின் சொந்த வீடு என்று சொல்லத்தக்க ஓவலிலேயே, 6–1. சொந்த மண்ணில் இங்கிலாந்து கண்ட படுதோல்விகளில் அதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை.

அன்று ஸ்காத்லாந்துக்குத் தலைமை தாங்கியவரை இங்கே சொல்லாமல் போனால் கதை நிறையாது. அவர் பெயர் ஆண்ட்ரூ வாட்சன். தென்னமெரிக்கக் கரையிலுள்ள டெமராராவில் 1856-இல் பிறந்தவர். கரும்புத் தோட்டத்துக்காக நம்மவர்களும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற அதே டெமராரா. தந்தை ஸ்காத்லாந்துக்காரர், தாய் ஹன்னா ரோஸ் கறுப்பினப் பெண். இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பு, கிளாஸ்கோவில் பல்கலைக்கழகம், பிறகு குயின்ஸ் பார்க்கில் பின்காப்பு ஆட்டம். ஒரு நாட்டுக்காகக் கால்பந்தாடிய முதல் கறுப்பின வீரர் அவரே. ஸ்காத்லாந்துக்காக மூன்று ஆட்டம் ஆடினார். 6–1, வேல்ஸுக்கு எதிராக 5–1, மறுபடி இங்கிலாந்துக்கு எதிராக 5–1. மூன்றும் வெற்றி.

நாலாவது ஆட்டம் ஏன் இல்லை? நிறம் காரணமன்று. 1882-இல் அவர் லண்டனுக்குக் குடிபோனார். ஸ்காத்லாந்துச் சங்கமோ உள்நாட்டில் வசித்து ஆடுகிறவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தது. ஆல்காக்கின் லண்டன் ஸ்காத்லாந்தார்மீது வந்த கோபம் அப்படியே ஒரு விதியாக இறுகிவிட்டிருந்தது. டெமராராவில் பிறந்தவன் ஸ்காத்லாந்துக்காரனாக இருக்கலாம். லண்டனில் குடியிருப்பவன் இருக்கக்கூடாது! விஞ்ஞானம் படிக்கும் எனக்கு வரையறைகளில் ஒரு மோகம் உண்டு. ஆனால் 'நாட்டுக்காரன்' என்பதற்கு இந்த மனிதர்கள் செய்த வரையறைகளைப் பார்த்தால், அளவுகோலை அளந்த பொருளுக்கேற்ப வளைத்தார்களோ என்று தோன்றுகிறது. வாட்சன் 1921-இல் லண்டன் அருகே கியூவில் காலமானார். அவரைப் பல பத்தாண்டுகள் கால்பந்து உலகம் மறந்தே போயிருந்தது.

ஆல்காக்கிடம் திரும்புவோம். நாலு நாடுகளும் ஆடத் தொடங்கிய பின் புதுத் தொல்லை முளைத்தது. ஒவ்வொரு சங்கத்துக்கும் விதியில் சிறு சிறு வேற்றுமை. பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தை எப்படி எறிவது, கோலுக்கு மேலே நாடாவா கட்டையா என்று எந்த ஊரில் ஆடுகிறோமோ அந்த ஊர் வழக்கம். 1882 டிசம்பர் 6-இல் நாலு சங்கத்தாரும் மான்செஸ்டரில் கூடி ஒரே விதிக்கு ஒப்பினார்கள். குறுக்குக் கட்டை கட்டாயமாயிற்று. ஒரே விதி வந்தபின் ஒரே போட்டிக்குத் தடையில்லை. 1884 ஜனவரி 26-இல் பெல்பாஸ்டில் ஸ்காத்லாந்தும் அயர்லாந்தும் மோதின, ஸ்காத்லாந்து 5–0. அந்தப் பருவத்தில் இங்கிலாந்தையும் வேல்ஸையும்கூட வென்று ஸ்காத்லாந்தே முதலிடம் பெற்றது. கோப்பை ஒன்றும் இல்லை. கோப்பை 1935-இல்தான் செய்தார்கள். 1886-இல் விதிகளைக் காக்க நாலு சங்கங்களும் சேர்ந்து ஒரு நிரந்தரக் குழு அமைத்தன. உலகக் கால்பந்து விதிகளை இன்றும் திருத்துவது அந்தக் குழுவே. இந்த நாலும் ஒரே முடியின்கீழ் இருந்தும் உலகப் போட்டிகளில் தனித்தனி அணிகளாக நிற்பது நமக்கு விந்தையாகப் படலாம். வேர் இங்கே இருக்கிறது.

கூலிக்கு ஆடுவது பற்றிய சண்டையும் இக்காலத்ததே. லங்காஷயர் ஆலை ஊர்களின் குழுக்கள் ஸ்காத்லாந்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை இரகசியமாகப் பணம் கொடுத்து இழுத்தன. கனவான்கள் பலர் பதறினார்கள். ஆல்காக் பதறவில்லை. அவர் 1872 முதல் சர்ரே கிரிக்கெட் குழுவின் காரியதரிசியாகவும் இருந்தவர். கிரிக்கெட்டில் சம்பளக்காரனும் கனவானும் ஒரே அணியில் ஆடுவதை நாள்தோறும் கண்டவர். இரகசியமாக நடப்பதைவிட வெளிப்படையாக நடப்பது மேல் என்று வாதாடினார். 1885 ஜூலையில் சங்கம் இணங்கியது.

கிரிக்கெட்டில் அவர் செய்தவற்றை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் ஆட்டம் 1880 செப்டம்பரில் ஓவலில் நடந்ததற்கு அவரே முக்கிய காரணம். டபிள்யூ. ஜி. கிரேஸ் 152 ஓட்டம் எடுக்க, இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை 5 விக்கெட்டில் வென்றது. இவை போகக் கால்பந்துக்கு ஓர் ஆண்டு மலர், கிரிக்கெட்டுக்கு ஒரு வாரப் பத்திரிகை என்று எழுதிக் குவித்தார்.

கால்பந்துச் சங்கத்தின் பதவியை 1895-இல், இருபத்தைந்து ஆண்டுக்குப் பின், விட்டார். மறு ஆண்டு ஸ்காத்லாந்துச் சங்கம் தன் விதியைத் தளர்த்தி, இங்கிலாந்தில் பிழைக்கப் போன தன் பிள்ளைகளையும் அணியில் சேர்த்தது. அந்த ஏப்ரலில் கிளாஸ்கோவில் இங்கிலாந்தை 2–1 என்று வென்றது. வெளியூர் போனவனும் நம்மவனே என்று 1870-இல் ஆல்காக் வசதிக்காகச் செய்ததை, கால் நூற்றாண்டு கழித்து அவரை எதிர்த்தவர்கள் தேவைக்காகச் செய்தார்கள். வாட்சனுக்கு அது காலங்கடந்த நீதி.

ஆல்காக் 1907 பிப்ரவரி 26-இல் பிரைட்டனில் காலமானார். சர்ரே குழுவின் காரியதரிசிப் பதவியில் அன்றும் இருந்தார். அவர் கல்லறை தென்லண்டனில் மேற்கு நார்வுட் இடுகாட்டில் இருக்கிறது.

நாலு நாட்டுப் போட்டி அவருக்குப் பின் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. அயர்லாந்து பிரிந்தபின் அந்த இடத்தில் வட அயர்லாந்து ஆடியது. 1981-இல் பெல்பாஸ்டின் கலவரச் சூழலால் இங்கிலாந்தும் வேல்ஸும் அங்கே போக மறுக்க, போட்டி முடிவின்றி நின்றது. 1984-இல் கடைசி முறை ஆடினார்கள். நாலு அணியும் ஆளுக்கு மூன்று புள்ளி. கோல் கணக்கில் முந்தியது நாலிலும் சிறிய வட அயர்லாந்து. கோப்பை அவர்களிடமே தங்கிவிட்டது.